தோள் மாறிய காவடி

குப்பம்மாளுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். மலையடிவாரத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிறவள். சரக்கு எடுக்கும்போது ஒவ்வொரு பழத்தையும் அமுக்கி, முகர்ந்து, திருப்பிப் பார்ப்பாள், அது ஏதோ பொய் சொல்லப் போகிறது போல. எதிர்க் கடைக்காரன் சும்மா சிரித்தால்கூட விடமாட்டாள். "இன்னாடா காலங்காத்தால பல்ல காட்ற? எதுக்கு அடி போட்ற?" என்பாள். அரக்கோணத்திலிருந்து வரும் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் அதிலும் ஒரு விவகாரத்தைக் கண்டுபிடிப்பாள். "உள்ள யாரோ பெரிய மனுசன் குந்திகினு வரான். நமக்காவா நேரத்துக்கு வரும்?"

இப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒருவனைத்தான் முகர்ந்து பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். அவன் பெயர் பரந்தாமன்.

திருத்தணி மலைக்குக் கிழக்கே பனங்கண்டிகை என்று ஒரு சின்ன ஊர். அதன் கடைசித் தெருவில் குப்பம்மாள் வீடு. புருஷன் போனபின் வீட்டு வரி அவள் பெயரில் ரசீதானது, அதனால் பஞ்சாயத்து போர்டு தேர்தலில் அவளுக்கும் ஓட்டு இருந்தது. அந்தத் தெருவுக்கு வெகுகாலம் தண்ணீர் கிடையாது. செங்கல் சூளை பரசுராமன் நிலத்து வாய்க்காலில்தான் போய் மொள்ள வேண்டும். அவன் வரப்பில் நின்றுகொண்டு, "குடத்த அலசாத! சேத்த கலக்காத! சீக்கிரம் நட!" என்று விரட்டுவான். போர்டு வந்த பிறகுதான் தெருவுக்கு ஒரு கிணறு வெட்டினார்கள். வெட்டிய நாளிலிருந்தே பரசுராமனின் கண் அதன்மேல்தான். சூளைக்குப் பக்கத்திலேயே ஊறுகிற தண்ணீர் ஆயிற்றே.

அடுத்த தேர்தலுக்குப் பரந்தாமன் நின்றான். நாலு காணி நிலம், எட்டாவது படிப்பு, வெள்ளைக் கதர்ச் சட்டை. தெருவில் வந்து நின்று, "இந்த கெணத்துக்கு ஒரு கெடுதல் வந்தா மொதல் ஆளா நான் வாய தொறப்பேன்" என்றான். தெரு நம்பவில்லை. பம்பை அடிக்கிற கண்ணையன்தான் கேட்டான்: "எல்லாம் இப்ப சொல்லுவாரு. அப்பால யாரு ஜவாப்பு?"

குப்பம்மாளுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ தெரியாது. "நான்டா ஜவாப்பு" என்றாள். மாரியம்மன் முன்னால் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, எரிகிறபோதே உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இவன் நமக்காவ வாய தொறப்பான், இது சத்தியம்" என்றாள். கை கொப்பளித்தது. தெரு முழுக்கப் போய்ப் பரந்தாமனுக்கென்று வைத்திருந்த பச்சைப் பெட்டியில் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தது. கொப்பளம் ஆறி, அவள் கையில் ஒரு வெள்ளைத் தழும்பாய் நின்றது.

பிறகு யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் போயிற்று, அரிசி போயிற்று. ஒருநாள் தமுக்கு அடித்துக்கொண்டு ஒரு சேதியும் வந்தது. கிருத்திகையன்று ஜில்லாத் தலைமையிடமான சித்தூரிலிருந்து அதிகாரி வருகிறார், போர்டு கூடுகிறது, ஒரு தீர்மானம் போடுகிறது. சண்டை முடிகிறவரை இந்த ஊருக்குத் தேர்தல் வேண்டாம், தலைவரைச் சர்க்காரே பார்த்து நியமிக்கட்டும் என்று போர்டே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நியமிக்கப்படப் போகிறவர் பரசுராமன் என்பது மலையில் இருக்கிற குரங்குக்குக்கூடத் தெரியும்.

"இத பார்றா கூத்த" என்றாள் குப்பம்மாள். "கழுத்த அவன் அறுப்பானாம். அறுத்துக்கோ சாமின்னு நாம எழுதி குடுக்கணுமாம். ஏன், அவனே அறுத்துக்கினா இன்னா? எதுக்கு நம்ம கையெழுத்து?"

போர்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் தேர்தல் நடத்தித்தான் ஆக வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவள் மெம்பர் மெம்பராக ஏறி இறங்கினாள். முதலில் தணிகாசலம். மனிதர் மூக்கால் பேசுகிறவர். "அதுக்கென்னம்மா, பரந்தாமன் ஒரு கை தூக்கட்டும், நான் ரெண்டு கையும் தூக்கறேன். ஆனா மொதல்ல அவுரு தூக்கணும். நான் மூத்தவன் பாரு, முந்திக்கக் கூடாது." அடுத்த மெம்பருக்கு மூச்சுக்கு மூச்சு இருமல். "பரந்தாமன்... லொக்... எழுந்தா... லொக்... நானும்." அவர் இருமியது வியாதியால் என்று அவள் நம்பவில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள் பரந்தாமன் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் நாற்காலி போட்டுக் காகிதம் படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இன்னும் ஊன்றிப் படித்தான்.

"இன்னா நைனா, நாளிக்கி பேசுவ இல்ல?"

"வாக்கா, வா. மோர் குடிக்கிறியா?"

"மோரு கெடக்குது. பேசுவியா?"

"பேசறதுக்கு இன்னாக்கா, பேசலாம். ஆனா இது யுத்த காலம். வெள்ளக்காரன் யார எதுக்கு புடிக்கிறான்னே தெரியல. வாய தொறந்தவன்லாம் வேலூர் ஜெயில்ல கீறான். எல்லாத்துக்கும் ஒரு சமயம் சந்தர்ப்பம்..."

"கெணறு போனப்பறம் வர்ற சந்தர்ப்பமா?"

"நான் பாத்துக்கறேன்க்கா. முருகன் கீறான்."

முருகன் பெயரை இழுத்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வெளியே வரும்போது கொடியில் ஒரு மஞ்சள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. காவடி எடுக்கிறவர்கள் கட்டுகிற வேட்டி. பரந்தாமன் பெண்டாட்டி கௌரியம்மாள் அம்மியில் என்னவோ அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா காவடி எடுக்கறது?"

"அவருதான். திடீர்னு நேத்திக்கி வேண்டிக்கினாரு."

"வெரதம்?"

கௌரியம்மாள் அம்மியை முந்தானையால் மூடப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு மசாலா வாசனை முந்தானைக்குள் அடங்கவில்லை. குப்பம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஆடியும் இல்லை, தையும் இல்லை. விரதமும் இல்லை. இவன் எதற்குக் காவடி எடுக்கிறான்?

மறுநாள் காலையில் புரிந்தது.

தெருவே கொதித்துப்போய் அவன் வீட்டு வாசலுக்குப் போயிருந்தது. "இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு கேக்காம வரக்கூடாது" என்று கண்ணையன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். கதவு திறந்தது. மயில்தோகைக் காவடியோடு பரந்தாமன் வெளியே வந்தான். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வாயில் வாய்ப்பூட்டு. வெள்ளிக் கம்பி ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்திருந்தது, உதட்டுக்குக் குறுக்கே ஒரு தகடு. மலையேறிச் சந்நிதியில் கழற்றுகிறவரை அவன் ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் சாமிக் குற்றம்.

வாய்ப்பூட்டுப் போட்டவன் மனிதனில்லை, சாமி. அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழ வேண்டும். தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறின பழக்கம், கோபத்தைக் கேட்டுக்கொண்டா வரும்? கண்ணையன் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, "அரோகரா!" என்று சாஷ்டாங்கமாக விழுந்தான். கேள்வி கேட்க வந்த பெண்கள் குடம் எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் விபூதி கொடுத்தான்.

குப்பம்மாள் மட்டும் விழவில்லை. பக்கத்தில் போய்க் கன்னத்தைப் பார்த்தாள். நிஜமாகவே குத்தியிருந்தது. கம்பியோரம் ரத்தம் கசிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அடப்பாவி" என்றாள் கண்ணையனிடம். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு பதிலா கன்னத்தையே குத்திகினானே! எவ்ளோ பயம் இருந்தா இந்த வலி பெருசா தெரியாது?"

"சாமிய அப்படி பேசாத அத்தே. கண்ணு போய்டும்."

"என் கண்ணு நல்லாத்தான் கீது. அவன் எந்த பக்கம் போறான்னு பாரு."

காவடி நேரே மலைப் பக்கம் திரும்பியது. போர்டு கட்டடம் இருப்பது எதிர்த்திசை. குப்பம்மாள் ஒரு கணம் நின்று யோசித்தாள். பிறகு குடத்தோடு வந்த பெண்களைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"எல்லாரும் இங்கயே நின்னு இன்னா பண்றீங்கோ? தண்ணி ஊத்தணும்னா வரிசையா நில்லுங்கோ. இந்த முக்குலேந்து போர்டு வரைக்கும்."

காவடிக்காரன், தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற வாசலைத் தாண்டிப் போகக் கூடாது. காலை நீட்டி ஊற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பரந்தாமன் மலைப் பக்கம் பார்த்தான், அங்கே வழி வெறிச்சென்று கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், குடம் குடமாகப் பெண்கள் நின்றார்கள், எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீர். அவன் கண்ணை மூடிக்கொண்டு தப்பிக்கப் பார்த்தான். ஆனால் பம்பை கண்ணையன் கையில் இருந்தது. குப்பம்மாள் முறைத்த முறைப்பில் அவன் அடித்துக்கொண்டே போர்டுப் பக்கம் நடந்தான். பம்பை போகிற பக்கம்தானே காவடி போக வேண்டும்? ஒரு குடம், இன்னொரு குடம் என்று சாமி நனைந்து நனைந்து போர்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

உள்ளே அதிகாரி தெலுங்கு கலந்த சித்தூர்த் தமிழில் சலித்துக்கொண்டார். "ஏமய்யா, இன்னொரு மெம்பரு ஏடி? ட்ரெயினுக்கு டைம் ஆயிபோயிந்தி." பரசுராமன் சால்வையை நீவிக்கொண்டு, "அவுரு வரமாட்டாருங்க, வேண்டுதல். தீர்மானத்த முடிச்சிடலாம்" என்றான். அந்த வார்த்தை முடிவதற்குள் காவடி உள்ளே நுழைந்தது. அதிகாரி தெய்வ பக்தி உள்ளவர், எழுந்து கும்பிட்டார். பிறகு இது மெம்பர் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானத்தைப் படித்தார்கள். "எவருக்கைனா எதிர்ப்பு உண்டே கை தூக்கு. பேசவேணாம். கை சாலு, அதே போதும்."

ஜன்னலில், வாசலில், மரத்தில் தெரு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் பரந்தாமனைப் பார்த்தார். இருமல் மெம்பர் இருமலை நிறுத்திக்கொண்டு பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமன் இரண்டு கையாலும் காவடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'என் கை எங்கே சும்மா இருக்கிறது?' என்பது போல எல்லோரையும் பார்த்தான். காவடியைக் கீழே வைக்கக் கூடாது. அது ஊருக்கே தெரிந்த சட்டம்.

குப்பம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"சாமி, கை வலிக்கும். இப்படி குடு."

ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குக் காவடி மாறலாம். அதுவும் ஊருக்குத் தெரிந்த சட்டம்தான். "தாலி இல்லாதவ காவடி தொடறதா?" என்றான் பரசுராமன். "நான் கிருத்திக கிருத்திகைக்கும் பச்ச தண்ணி பல்லுல படாம இருக்கறவ. அவுரு நேத்திக்கி கருவாடு துன்னாரு. முருகன் யார கேக்கறாருன்னு மலமேல பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைக் கொடுத்துக் காவடியை வாங்கினாள்.

இப்போது பரந்தாமனின் இரண்டு கைகளும் காலி.

வலது கை மெல்ல எழும்பியது. இடுப்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. தணிகாசலத்தின் கை மேசைக்கடியில் தயாரானது. பரசுராமன் மிரட்டவெல்லாம் இல்லை, சும்மா ஒருமுறை தொண்டையைச் செருமினான். பரந்தாமனின் கை காதருகே வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காதைச் சொறிந்தது. சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

"எதிர்ப்பு லேது" என்றார் அதிகாரி. காகிதம் மடிபட்டது.

குப்பம்மாள் காவடியோடு திரும்பி வெளியே நடந்தாள். தோளில் ஏறிவிட்ட காவடியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துத்தானே ஆக வேண்டும்? கண்ணையன் பம்பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனான். குடங்கள் அவள் காலில் கவிழ்ந்தன. பரந்தாமன் பின்னால் வந்தான், வாய்ப்பூட்டோடு, வெறுங்கையோடு. அவன் கால் காய்ந்தே இருந்தது. ஒருத்தியும் ஊற்றவில்லை.

சந்நிதிக்கு வெளியே பண்டாரம் கம்பியை உருவி, துளையில் விபூதியை அடைத்தார். முதல் சொல் முருகன் பெயராக இருக்க வேண்டும். பரந்தாமன் அதையும் மறந்தான்.

"அக்கா, பயமா இருந்திச்சிக்கா."

காவடியை இறக்கிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். "எனக்கு மட்டும் இல்லியா? கையில நெருப்ப வெச்சப்போ நானும்தான் பயந்தேன். சுடும்னு தெரிஞ்சிதான் வெச்சேன்." உள்ளங்கையை விரித்து அவனுக்குக் காட்டினாள். "நீ பயந்தது தப்பில்ல நைனா. உன் பயத்துக்கு சாமி வேசம் போட்டு, எங்கள உன் கால்ல விழ வெச்ச பாரு, அதத்தான் என்னால முழுங்க முடியல."

பரசுராமன் தலைவரானான். மறுநாளே கிணற்றில் ஏற்றம் பூட்ட ஆள் வந்தது. விடியும் முன்னாலிருந்து கிணற்றுச் சுவரைச் சுற்றிக் குடங்களும் பெண்களும் நின்றதால் ஏற்றக்கால் நட இடம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிகிறவரைக்கும் இப்படியேதான். சூளை கொஞ்சம் தண்ணீர் திருடும், தெரு கொஞ்சம் சண்டை போடும். அந்த வருஷங்களில் குப்பம்மாள் எலுமிச்சம்பழத்தை முன்னைவிட ஒரு தடவை கூடுதலாக முகர்ந்தாள்.

யுத்தம் முடிந்து மறுபடி தேர்தல் வந்தபோது பரந்தாமனும் வந்தான். கன்னத்தில் இரண்டு சின்னக் குழிகள். கையைக் கூப்பிக்கொண்டு, "இந்த தடவ கண்டிப்பா வாய தொறப்பேன்" என்றான். கூடவே புதிதாக நிற்கிற இன்னொருவனும் வந்திருந்தான். அவனும் அதையேதான் சொன்னான்.

தெரு குப்பம்மாளைப் பார்த்தது. அவள் உள்ளே போய் இரண்டு கட்டிக் கற்பூரத்தோடு வந்தாள்.

"என் கை போதும்பா, அது ஒரு தடவ வெந்துது. இனிமே யாரு கேக்க வராங்களோ அவங்க கைய நீட்டட்டும்."

புதியவன் ஒரு அடி பின்வாங்கினான். பரந்தாமன் வலது கையைப் பார்த்தான், காது வரைக்கும் போய்த் திரும்பிய அதே கையை. பிறகு மெதுவாக நீட்டினான். நீட்டியதை இழுத்துக்கொள்ளவில்லை.

"கண்ணையா, நெருப்பு கொண்டா" என்றாள் குப்பம்மாள். கற்பூரத்தை அவன் உள்ளங்கையில் வைக்கப் போனவள் என்னவோ நினைத்துக்கொண்டு கையை இழுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவனிடம் நெருங்கி, கருவாட்டு வாசனை வருகிறதா என்று ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அப்புறம்தான் வைத்தாள்.