பரிவட்டம் கட்டிய தலை

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி ஓட்டுகிற பரிபூரணம், ஆடி பிறந்தால் லீவு போட்டுவிட்டு வில்லுப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கூமாப்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரையில் சாமியாக நிற்கிற சமுத்திரம் அவளுடைய சொந்தத் தாத்தா. காய்ந்த பயிருக்கு மடையைத் திறந்துவிட்டார் என்று, ஜமீன்தார் நவநீதகிருஷ்ணன் அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்துச் சவுக்காலேயே அடித்துக் கொன்றார். ஊருக்கே தெரியும். ஆடியில் அவருக்கு நடக்கும் கொடைத் திருவிழாவில் பாடுகிற பாட்டில் மட்டும் சமுத்திரம் மடையில் வழுக்கி விழுந்து செத்தார். அரண்மனை எழுதிக் கொடுத்த வரி அது. பரிபூரணத்தின் அப்பா முப்பது வருஷம் அந்தப் பொய்யைப் பாடினார். பாடிவிட்டு வந்த அன்றைக்குச் சாப்பிடமாட்டார். அவருக்குப் பிறகு வில் இவள் கைக்கு வந்தது. பொய்யும் கூடவே வந்தது.

ஜமீன் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகிறது, மிடுக்கு போகவில்லை. பாட்டன் பெயரையே தாங்கியிருக்கும் பேரன் நவநீதகிருஷ்ணன், கொடையில் முதல் மரியாதை தனக்குத்தான் என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து வந்தார். பரிவட்டம் கட்டியவர் பாட்டு முடியும் வரை எழக்கூடாது, எழுந்தால் வம்சத்துக்கு ஆகாது என்று கோர்ட்டில் பெருமையாகச் சொன்னதும் அவர்தான். இந்த வருஷம் மதியக் கொடைக்குப் பரிவட்டத்தோடு வில்லுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

பரிபூரணம் அந்தத் தலையைப் பார்த்தாள். கொன்றவன் வீட்டுக்கு மாலை, செத்தவன் வீட்டுக்குப் பொய்யா? மடை வரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புளியமரத்தைப் பாடினாள். கட்டச் சொன்னது யார், சவுக்கு யாருடையது, எத்தனை அடி. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெயரைச் சொன்னாள். பின்பாட்டுக்காரர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கூட்டத்துப் பெண்கள் "ஆமா" போட்டார்கள்.

கொடையை முன்னின்று நடத்தும் பால்சாமி குனிந்தபடி ஓடிவந்தார்.

"ஏட்டி, போதும், நிறுத்து. அவிய முகத்தைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் மாமா பாடுதேன்."

வெயில் உச்சிக்கு வந்தது. நவநீதகிருஷ்ணனுக்கு வேர்த்து வடிந்தது. ஒரு தடவை நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். அவர் மனைவியே பதறித் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கடைசியில் அவரே கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"செத்த நேரந்தான் அய்யா," என்றாள் பரிபூரணம். "எங்க தாத்தா உசுரு போக ஒரு பகல் ஆச்சு."

கோலை ஓங்கி வில்லில் போட்டு, முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.