பதினொரு நாள் வந்த ரோல்ஸ்

மஹய்யாவக்காரர் ராஜலிங்கம் கண்டி மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தார். பொதுமக்களின் முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவருடைய வேலை. ஓய்வு பெற்றதும் பதில் எழுதக் கடிதங்கள் இல்லாமற்போயின. ஆகவே முறைப்பாடுகளைத் தானே எழுதத் தொடங்கினார்.

தினமும் காலை ஒன்பதே காலுக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறி, பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கலஹா சந்தியில் இறங்குவார். கண்டி நகரத்துக் கடைகளை அவர் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. நகரத்தில் சாப்பிடுகிறவர்கள் உல்லாசப் பயணிகள், இல்லாவிட்டால் அவசரக்காரர்கள். இரு சாராருடைய அபிப்பிராயமும் செல்லாது. மாணவர்கள் அப்படியல்ல. ஒரே கடையில் நான்கு வருடம் சாப்பிட்டு, நான்கு வருடமும் அதைத் திட்டிவிட்டுத்தான் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். திட்டுவதற்கும் ஒரு தொடர்ச்சி வேண்டும் என்பது ராஜலிங்கத்தின் கொள்கை.

மகள் வாங்கிக் கொடுத்த ஃபோனில், கடைகளைப் பற்றி யாரும் எழுதக்கூடிய வரைபடப் பக்கம் ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். அவர் அவற்றைப் புள்ளி என்றுதான் சொல்வார். விடயம், திகதி, இலக்கமிட்ட பந்திகள் என்று எல்லாம் அலுவலகக் கடிதமாகவே இருக்கும். சந்தியிலுள்ள பராட்டாக் கடை ஒன்றைப் பற்றி எழுதினார்: "தேத்தண்ணி சூடாக இருந்தது. சூடு தேத்தண்ணியின் குணம், கடையின் குணமல்ல. மூன்று." இன்னொன்றைப் பற்றி: "மேசை ஆடியது. கதிரையும் ஆடியது. இரண்டும் ஒரே திசையில் ஆடியதால் சாப்பிட முடிந்தது. மூன்று." ஆற்றுப் பக்கத்துச் சோற்றுக் கடைக்கு: "பரிமாறியவர் சிரித்தார். காரணம் கேட்டேன். நிறுத்திவிட்டார். இரண்டு."

மூன்றுக்கு மேல் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. நான்கு கொடுப்பதென்றால் ஐந்து எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்தை அவர் இன்னும் சாப்பிடவில்லை. இந்த நியாயத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம். இதை ஒப்புக்கொண்டால் உலகத்தில் எதையுமே பாராட்ட முடியாது என்பதுதான் ஒரே குறை. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெய்யியல் படிக்கும் மூன்றாம் வருட மாணவி நிஷாந்தினி, யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பிள்ளை, அவர் எழுதுவதையெல்லாம் எடுத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அங்கே அவருக்கு 'மூண்டு புள்ளி ஐயா' என்று பெயர். அவர் மூன்று கொடுத்த கடையில் நம்பிச் சாப்பிடலாம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். ஆகவே அவருடைய சொல்லுக்குச் சந்தியில் ஒரு கனம் இருந்தது. மாநகர சபையில் முப்பத்தொரு வருடத்திலும் கிடைக்காத கனம் அது.

அவர் தினமும் உட்காரும் கடை மடவளை ஊர்க்காரர் அரூஸ் நானாவுடையது. சுவரோர மூலை மேசை அவருக்கு. அந்தக் கடையைப் பற்றி மட்டும் அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஊஞ்சல் போட்ட கோப்பிக்கடை வந்த பிறகு அரூஸின் கதிரைகள் பாதி காலியாகவே கிடந்தன. ஒரு நாள் அரூஸ் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சேர், மாசக் கடைசிச் செவ்வாக்கெழம வீரசிங்கம் மொதலாளி வாரார். இந்தக் கட்டடம் அவருடதானே. கட இப்பிடிக் காலியா ஈந்தா, ஃபோன் திருத்துற ஒருத்தனுக்குக் குடுக்கப் போறாராம். இருவது வருசம் சேர். நீங்க நல்லதா ரெண்டு வரி போட்டா புள்ளைகள் வரும்."

"நல்லதாப் போடுறதுக்கு நல்லது இருக்கணுமே நானா."

"தினமும் இங்கதானே தின்னுறீங்க?"

"அது பழக்கம். பழக்கம் சாட்சியாகாது. சோதிச்சுப் பாக்கணும்."

"சோதிங்களேன். எத்தின நாளாகும்?"

"நாள் குறிச்சிட்டா அது சோதனையில்ல, விளம்பரம்."

அரூஸ் எழுந்து போய்க் காசு வாங்கும் பட்டறையில் உட்கார்ந்து, அல்லாஹ்விடம் வேறு வழி கேட்டார்.

நம் நாட்டுத் தேத்தண்ணிக் கடைகளில் உட்கார்ந்ததும் கேளாமலே ஒரு தட்டு வரும். மாவில் சுருட்டிப் பொரித்த மீன் ரோல்ஸ் இரண்டு, மரக்கறி ரோல்ஸ் ஒன்று, கட்லட், வடை. தின்றதற்குத்தான் காசு. தின்னாதது எழுந்து அடுத்த மேசைக்குப் போகும். ராஜலிங்கத்தின் எண்ணப்படி கடையின் உண்மை தின்றவற்றில் இல்லை. திரும்பிப் போனவற்றில்தான் இருக்கிறது. இன்று திரும்பிப் போனது நாளைக்கும் வருமா என்பதே கேள்வி. அவர் வழக்கமாக ஒரு மீன் ரோல்ஸும் ஒரு கட்லட்டும் எடுப்பார். அன்று அவற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மரக்கறி ரோல்ஸின் ஓரத்தில் பல் குத்தும் குச்சியால் வரிசையாக மூன்று துளை போட்டார். தட்டு உள்ளே போனது.

மறுநாள் தட்டு வந்தது. மரக்கறி ரோல்ஸில் மூன்று துளை இருந்தது.

அவர் அதைத் தொடவில்லை. சாட்சியைத் தின்னக்கூடாது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள்: "இளஞ்சூடு. மீளச் சூடாக்கப்பட்டிருக்கலாம்." ஏழாம் நாள்: "மேற்பரப்பு மொறுமொறுப்பு. முன்னரிலும் இளமையாகத் தெரிகிறது." ஒன்பதாம் நாள் ரோல்ஸ் கொஞ்சம் குட்டையாக இருந்தது, "சுருக்கம்" என்று எழுதினார். பத்தாம் நாள் நீளமாக இருந்தது. "ஈரலிப்பான காலநிலை" என்று எழுதினார். ஒரு மனிதன் முடிவொன்றுக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு பார்க்கிறதெல்லாம் அந்த முடிவுக்குக் கைகட்டிச் சேவகம் செய்யும்.

பன்னிரண்டாம் நாள் எழுதினார்:

"விடயம்: ஒரு மரக்கறி ரோல்ஸின் நீடித்த சேவை. 1. மேற்படி ரோல்ஸ் கடந்த பதினொரு நாட்களாக எனது மேசைக்குச் சமுகமளித்து வருகிறது. 2. அடையாளம்: ஓரத்தில் மூன்று துளைகள், என்னால் இடப்பட்டவை. 3. இன்றுவரை கெடவில்லை. 4. கெடாததன் காரணத்தைக் கடை உரிமையாளர் விளக்கக் கடமைப்பட்டுள்ளார். ஒன்று."

அதற்கு முன் ஒரே ஒரு புள்ளி யாருக்கும் அவர் கொடுத்ததில்லை. அரூஸ் ஃபோன் எடுத்தார். "சேர், என்னக் கொன்னுட்டீங்களே," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸால் இறங்கியபோது காலியான கடையைப் பார்ப்பதற்கு ராஜலிங்கம் மனதைத் தயார் செய்திருந்தார். கடை வாசலில் வரிசை நின்றது. பரீட்சைக் காலம். பொறியியல் பீடத்துப் பையன்கள் ரோல்ஸோடு படம் எடுத்தார்கள். "பதினொரு நாள் தாங்கியிருக்கு மச்சான். எனக்கு மூணு மணித்தியாலம் தாங்கினாப் போதும்," என்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். மருத்துவ பீடத்து ஆள் ஒருவர் அதைக் குறுக்காக வெட்டி உள்ளே பார்த்தார். மூலை மேசையை மட்டும் அரூஸ் காலியாக வைத்திருந்தார். கோபத்திலும் மரியாதை தவறாத மனிதர். தட்டு வந்தது. மூன்று துளை ரோல்ஸும் வந்தது.

நிஷாந்தினி வந்து நின்றாள். "ஐயா, நான் அதைச் சாப்பிட்டிட்டன்."

"எதை?"

"உங்கட ரோல்ஸை. மூண்டு ஓட்டையோட. காலமை வந்து சாப்பிட்டனான். நல்லாத்தான் இருந்தது."

ராஜலிங்கம் தட்டைப் பார்த்தார். "அப்ப இது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். எங்களுக்கு இதிலை ஒரு பாடமே இருக்கு. ஒரு பொருள் எப்ப வரைக்கும் அதே பொருளாய் இருக்கும் எண்டு. ஆனா ஐயா, ஒரு பேச்சுக்குச் சொல்லுறன், அங்கால மேசையையும் ஒருக்காப் பாருங்கோவன்."

அவர் திரும்பினார். பக்கத்து மேசைத் தட்டிலும் மரக்கறி ரோல்ஸில் மூன்று துளை. அதற்கப்பாலுள்ள மேசையில் மூன்று துளை. கண்ணாடி அலுமாரியில் முப்பது ரோல்ஸ் அடுக்கியிருந்தது; ஒரு பக்கத்து வரிசை முழுவதும் மூன்று துளை. பன்னிரண்டு நாளில் ஒரு தடவைகூட அவர் அடுத்தவன் தட்டைப் பார்க்கவில்லை. அது நாகரிகமில்லை என்று நினைக்கிறவர். ஒன்றை உற்றுப் பார்க்கிறவர்களுக்கு வரும் குருடு இது. ஒன்றையும் பாராதவர்களுக்கு வருவதில்லை.

நேரே அடுப்படிக்குப் போனார். ஹந்தானைப் பக்கத்திலிருந்து விடிய முன்னரே வந்து ரோல்ஸ் போடும் கறுப்பையா, மூன்று பல் முள்ளுக்கரண்டியை ஒவ்வொரு ரோல்ஸின் ஓரத்திலும் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பையா, இது என்னப்பா?"

"மரக்கறிங்க. மீன் எது, மரக்கறி எதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியல, ஏதாச்சும் அடையாளம் போடுன்னு அரூஸ் மொதலாளி சொன்னாரு. என்ன அடையாளம்னு சொல்லல. அன்னைக்கே தட்டுல ஒன்னு மூணு ஓட்டையோட திரும்பி வந்துச்சுங்க. சரி, மொதலாளியே மாதிரி காட்டியிருக்காருன்னு அப்படியே போட்டுட்டு வாறேன்."

"மிஞ்சினத என்ன செய்றீங்க?"

"பின்னேரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன். இங்க மறுநாளைக்கு வைக்கிறதில்லைங்க."

"அந்த மொதல் ரோல்ஸ்?"

"எம்மக தின்னுருச்சு. ஓட்டை எதுக்குப்பான்னு கேட்டுச்சு. எண்ணெய் வடியுறதுக்குன்னு சொன்னேன்."

ராஜலிங்கம் திரும்பியபோது அரூஸ் வாசலை மறித்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சேர், திருத்தம் கிருத்தம் ஒண்டும் போட்டுடாதீங்க. செவ்வாக்கெழம வரைக்கும் பொறுங்க."

"நான் எழுதினது பொய் நானா. உங்க கடைய அநியாயமா..."

"பொய்தான். ஆனா கட நெறஞ்சீக்கிது. ரோல்ஸ் தினமும் புதுசாப் போடுறதுண்டு நீங்க உண்மையச் சொன்னா, அதப் பாக்க ஆரு சேர் வருவாங்க? எல்லாக் கடைக்காரனும் அதத்தானே சொல்றான்?"

ஒரு கடையைக் காப்பாற்ற ராஜலிங்கம் செய்ய வேண்டியது சும்மா இருப்பது மட்டுமே. ஆனால் சும்மா இருந்தால், அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து, எழுதினால் சரியாக எழுதுவார் என்ற பெயர், அவருக்கு மட்டும் தெரிந்த விதத்தில் அழிந்துவிடும். வேலையிலிருந்த காலத்தில், வெட்டாத கழிவுநீர்க் கானை வெட்டியாயிற்று என்று ஒரு தடவை பதில் எழுதிவிட்டு, திருத்தக் கடிதத்தை மழையில் தானே கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்த மனிதர் அவர்.

வீட்டில் மனைவி கமலத்திடம் முழுவதையும் சொன்னார். கமலம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

"ஏங்க, பன்னண்டு நாள் அத உத்து உத்துப் பாத்தீங்களே. ஒரு கடி கடிச்சுப் பாத்தீங்களா?"

"சாட்சியத் தின்னக்..."

"சாட்சியாம் சாட்சி. அது ரோல்ஸுங்க."

திங்கட்கிழமை காலை அவர் மூலை மேசையில் உட்கார்ந்து, மூன்று துளை ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். உருளைக்கிழங்கு மசியாமல் சின்னத் துண்டுகளாகவே இருந்தது. லீக்ஸ் அளவோடு. மிளகு உடனே தெரியாமல், விழுங்கிய பிறகு தெரிந்தது. முழுவதையும் சாப்பிட்டார். இன்னொன்று சாப்பிட்டார். பிறகு பால் விடாத பிளேன்டி ஒன்றைக் குடித்து முடித்தார். ஐந்து எப்படி இருக்கும் என்று இப்போதும் அவருக்குத் தெரியாது. ஆனால் இது மூன்று இல்லை.

எழுதினார்: "விடயம்: திருத்தம். 1. எனது முந்தைய குறிப்புப் பிழையானது. துளைகள் மரக்கறிக்கான அடையாளம். 2. ரோல்ஸ் தினமும் காலையில் புதிதாகச் செய்யப்படுகிறது. 3. பதினொரு நாட்களும் அதைச் சுவைக்காமலே தீர்ப்பெழுதியது என் தவறு. இன்று சுவைத்தேன். நான்கு."

பட்டறையில் ஃபோனைப் பார்த்த அரூஸ் தலையில் கை வைத்தார். அடுப்படியிலிருந்து கறுப்பையா எட்டிப் பார்த்தார். "நாலாங்க? அப்ப நாளையிலேர்ந்து நாலு ஓட்டை போடவா?"

"வேண்டாம்," என்றார் ராஜலிங்கம்.

செவ்வாய்க்கிழமை அவர் வழமைக்கு முந்திய பஸ்ஸில் வந்தார். கடை காலியாக இருந்தால் குறைந்தது ஒரு மேசையிலாவது ஆள் இருக்கட்டும் என்று. பத்து மணிக்கு முதல் ஆளாக நிஷாந்தினி வந்தாள்.

"ஐயா, நாலு போட்டது நீங்கள்தானோ? ஆரும் ஃபோனைக் களவெடுத்தவையோ?"

"நான்தான்."

"குறூப்பிலை ஒரே சண்டை. ஐயாவைக் காசு குடுத்து வாங்கிப்போட்டினம் எண்டு பாதிப் பேர். ஐயாவை வாங்க ஏலாது எண்டு மிச்சப் பேர். ஐயாவையே வாங்கின ரோல்ஸ் எண்டால் அது என்ன ரோல்ஸ் எண்டு பார்க்க எல்லாரும் வருகினம்."

வந்தார்கள். வாங்கப்பட்டவர் என்று சொன்னவர்கள் ஒரு பக்கமும், இல்லை என்றவர்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்து, இரு சாராரும் அதே ரோல்ஸைத் தின்றார்கள். அவர் மூலையிலிருந்து ஒருவரையும் மறுக்கவில்லை. பதினொன்றரைக்குக் குடையை மடக்கியபடி வீரசிங்கம் முதலாளி வாசலில் வந்து நின்றபோது, உட்கார ஒரு கதிரை இல்லை. அரூஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

ராஜலிங்கம் எழுந்தார். "இப்படி வந்து உட்காருங்க," என்றார்.

வீரசிங்கம் உட்கார்ந்தார். தட்டு வந்தது. மரக்கறி ரோல்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, மூணு ஓட்டை?"

கடை முழுவதும் சிரித்தது. காரணம் தெரியாமல் அவரும் சிரித்துவிட்டு ஒன்றைத் தின்றார். இன்னொன்று கேட்டார். போகும்போது அண்ணாந்து பார்த்து, "பின்பக்கத் தகரம் ஒழுகுதே அரூஸ். வர்ற கிழமை ஆள் அனுப்பி மாத்தித் தாறேன். நீங்க தொடர்ந்து நடத்துங்க," என்றார். ஃபோன் கடையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மூலை மேசை காலியானதும் நான்கு மாணவர்கள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜலிங்கம் வாசல் தூறலில் ஒரு தோள் நனைய, பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடித்து முடித்து கிளாஸைப் பட்டறையில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். அரூஸ் எட்டிப் படித்தார்.

"விடயம்: ஆசனம். நின்றுகொண்டே தேத்தண்ணி குடிக்க நேர்ந்தது. மூன்று."

"சேர்! மூணா?"

"ஆசனத்துக்கு," என்றார் ராஜலிங்கம். "ரோல்ஸுக்குப் போட்டது அப்படியே இருக்கு."

கண்டி பஸ் வந்து நின்றது. அவர் ஏறினார். அதிலும் உட்கார இடமில்லை.