பாறணையன்று வராத பசி

கந்தசட்டி முடிந்த மறுநாள் காலை, விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்காக இலை போட்டு என் மூத்த மகள் மதுராவை இருத்தினேன். ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்த பிள்ளை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் என்று எல்லாம் வைத்தேன். ஒரு பருக்கையை விரலால் உருட்டிவிட்டு, "பசிக்கேல்லை அம்மா" என்றாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டு மாமி, "சாமிப் பிள்ளை" என்று கும்பிட்டார்.

நோயின் முதல் அறிகுறி அதுதான். நாங்கள் பக்தி என்று நினைத்தோம்.

பிறகு வெள்ளி விரதம், செவ்வாய் விரதம், கடைசியில் கிழமை முழுக்க விரதம். சட்டைகள் தொளதொளத்தன. மாதவிலக்கு நின்றது. கும்பிட்ட அதே மாமி, "நீர் பிள்ளைக்கு ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். பத்திக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஆசுபத்திரியில் நாடி மிக மெதுவாக அடிப்பதாகச் சொன்னார்கள். நான் ஓடிப்போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தேன். டொக்ரர் அம்மா மறித்துவிட்டார்.

"இப்ப கனக்கக் குடுக்காதேங்கோ. காஞ்ச உடம்புக்குள்ளை ஒரேயடியாச் சாப்பாடு போனா பொஸ்பேற் (இரத்தத்திலுள்ள ஓர் உப்பு) இறங்கி, இதயமே நிண்டுபோகலாம்."

மாதக்கணக்காகச் சாப்பிடு, சாப்பிடு என்று கெஞ்சியவள் நான். கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நோயின் பெயர் அனோரெக்ஸியா நேர்வோசா (உடல் மெலிந்த பிறகும் உண்ண விடாத நோய்). அது வெளிநாட்டுப் பெட்டைகள் அழகுக்காகத் தேடிக்கொள்ளும் வருத்தம் (நோய்) என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

"என்ரை பிள்ளை கண்ணாடி பாக்கிறதே இல்லை, டொக்ரர்."

"எல்லாருக்கும் கண்ணாடியிலை தொடங்கிறேல்லை. பட்டினி கிடந்தா எங்களுக்கு எரிச்சல் வரும். இவவைப் போல சிலருக்கு மனம் அடங்கும், சாப்பிட்டாத்தான் பதட்டம். அது பிறப்பிலேயே உடம்போடை வாற தன்மை. மெலிய மெலிய யோசனையும் இறுகி, அந்தப் பழக்கத்தை விட ஏலாமப் போகும்."

ஒரு காரணம் என்று எதையும் காட்ட முடியாது என்றார். பல பரம்பரையலகுகள் (பெற்றோர் வழியாக உடலுக்கு வரும் குறிப்புகள்) சேர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும். விரதம் பிடிக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. இடமுள்ள உடம்பில் ஒரு பட்டினியே போதுமாக இருக்கலாம். பிறகு, குடும்பத்தில் ஆருக்கும் இப்படி இருந்ததோ என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் சாமியறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய அக்காவின் படம் தொங்குகிறது. விரதமிருந்தே முருகனிடம் போனவர் என்று ஒவ்வொரு திவசத்துக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

"உங்கடை அக்கா?" என்றேன்.

"அக்கா விரதகாரி. வருத்தக்காரி இல்லை" என்று சீறினார்.

டொக்ரர் குரலை உயர்த்தவில்லை. "கடைசியிலை அவ சாப்பிட்டவவோ?"

இவர் நிலத்தைப் பார்த்தபடி, "பாறணைச் சோத்தைத் தொடேல்லை. பசிக்கேல்லை எண்டு சொன்னவ" என்றார். வெளியே வந்ததும், ஆட்கள் போய்வருகிற நடையில் நின்று வாய்விட்டு அழுதார். எனக்கு அவரில் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

என் சமையலில் பிழையில்லை. அந்த ஆறுதல் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலை (வெளிவாசற்கதவு) வரைக்கும்தான் நிலைத்தது. படலையில் சின்னவள் கீர்த்தி நின்றாள். அவளுக்கும் அதே தகப்பன்தானே.

மதுரா உயிரோடு இருக்கிறாள். நடுவில் ஒருமுறை மறுபடியும் விழுந்து வார்ட்டுக்குப் போனோம். பட்டினியில் எலும்பும் தேய்ந்துவிட்டது; இவ்வளவு இளம் வயதில் அப்படி ஒரு பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பசி வருமட்டும் பார்த்திருக்க வேண்டாம், சாப்பாட்டை மருந்துபோல நேரத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீடு இப்போது மணிக்கூட்டில் ஓடுகிறது. சின்ன வயதிலிருந்து ஒரு கந்தசட்டியும் தவறவிடாத இவர், இந்த வருடம் ஆறு நாளும் மதுராவுக்குப் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டார். அயலார் தெய்வக் குற்றம் என்கிறார்கள். சொல்லட்டும்.

போன கிழமை, கீர்த்தி மத்தியானச் சாப்பாடு இல்லாமல் நல்லூரில் டியூசன் முடிந்து வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாத்திய வேகத்தில் என்னோடு எரிந்து விழுந்தாள்.

"பசியிலை கண் தெரியேல்லை. கெதியாப் போடுங்கோவன் அம்மா."

வாழ்க்கையில் எந்த ஏச்சுக்கும் நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. குசினிக்குள் நின்று, முருகா என்று கண்ணைத் துடைத்தேன்.

மதுரா வாசலில் வந்து நின்றாள். தங்கை அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைக் கண் வாங்காமல் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கும் அம்மா?"

"என்னது?"

"பசி."

மணிக்கூட்டைப் பார்த்தேன். அவள் சாப்பிடும் நேரம் ஆகியிருந்தது. சோற்றுக் கோப்பையை எடுத்தேன்.