போகிறவருக்கு ஒரு பெயர்

லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை. பதினோரு வருடமாக அவருக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை. கதவு மூடும் சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சரிசெய்துவிட்டுப் படியிறங்கிப் போவார். வருத்தம் வந்தது, மகள் பேச ஆரம்பித்த பிறகுதான்.

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டு சொற்கள் சொல்வாள். அதில் அம்மா உண்டு, பால் உண்டு, பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட ஒரு சொல் உண்டு. அப்பா இல்லை. அவரைப் பார்த்தால் "டாட்டா" என்பாள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு அவர் ஷூ மாட்டும்போது மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்பாள். பட்டாணி கையாட்டுவாள். அவர் திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும். அவள் விழித்திருக்கையில் அவர் செய்கிற ஒரே காரியம் கிளம்புவதுதான்.

முதலில் அதை அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொன்னார். ஒருநாள் காலை அவர் கிளம்பும்போது மாடி வராந்தாவில் அடுத்த வீட்டுக்காரர் குழந்தையிடம், "இது யாரு சொல்லு பாப்போம்" என்றார். "டாட்டா" என்றாள். "என்ன சார், பார்த்ததுமே போயிட்டு வாங்கன்னு சொல்றா" என்று அவர் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம், "ரெண்டு நாள் எங்கயாவது போவோமா? அவ அப்பான்னு சொல்றவரைக்கும் கூடவே இருந்து பார்க்கிறேன்" என்றார்.

மனைவிதான் தீவைத் தேர்ந்தெடுத்தாள். கரையிலிருந்து படகில் நாற்பது நிமிடம். தங்குகிற வீடுகள் எல்லாமே ஒற்றைத் தளம்.

"தீவு பூரா தேடினாலும் ஒரு லிஃப்ட் கிடையாது. விசாரிச்சுட்டுத்தான் புக் பண்ணினேன்" என்றாள்.

படகில் பட்டாணி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்தாள். தீவில் இறங்கியதும் மணலை மிதிக்கமாட்டேன் என்று காலை மடக்கிக்கொண்டாள். அரைமணி நேரம் கழித்து மணலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றாள். குழந்தையோடு போகிற சுற்றுலாவில் கடல் இரண்டாம் பட்சம். பால் காய்ச்ச அடுப்பு உண்டா, மத்தியானம் தூங்க வைக்க இருட்டான அறை உண்டா, மாற்றுத்துணி காய்ந்ததா, இவைதான் ஒவ்வொரு நாளையும் நடத்துகின்றன.

முதல் நாளே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து தன் நெஞ்சைத் தொட்டு, "அப்பா" என்பார். பட்டாணி அக்கறையோடு அதே இடத்தில் விரலை வைத்து, "டாட்டா" என்பாள். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு டாட்டா என்றாள்.

"பரிட்சை வைக்காதீங்க. அவ என்ன உங்ககிட்ட வேலைக்கா சேர்ந்திருக்கா?" என்றாள் மனைவி.

"ஒரு தடவை சொன்னா போதும். அப்புறம் தானா வந்துடும்."

"தானா வர்றதுன்னா நீங்க ஏன் இந்தப் பாடு படுறீங்க?"

அன்று மாலை அவரே குளிப்பாட்டினார், அவரே ஊட்டினார். பட்டாணி மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் வந்ததும் அம்மாவிடம் தாவிவிட்டாள்.

மறுநாள் நான்கு மணிவாக்கில் போன் அடித்தது. கூட வேலை பார்ப்பவர். வீட்டுக்குள் ஒரு சொல் கேட்டால் அடுத்த சொல் கேட்கவில்லை. படகுத்துறையில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்று தங்கும் வீட்டின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார்.

உள்ளே கிண்ணத்தைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்த பட்டாணி செருப்புச் சத்தத்துக்குத் தலைநிமிர்ந்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள்.

"டாட்டா" என்றாள்.

அது பெயரா, விடை கொடுத்ததா என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்க முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அவை இரண்டல்ல. பிள்ளை சொல்லைத் தவறாகக் கற்கவில்லை. கண்டதைச் சொல்லியிருக்கிறாள். தவறைச் சொல்லில் தேடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

செருப்போடு உள்ளே போய் அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். பட்டாணி ஆட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"மண்டையை நிலைப்படியில இடிச்சிடாதீங்க" என்றாள் மனைவி. தானும் பின்னால் வந்தாள்.

துறையில் சிக்னல் கிடைத்தது. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடமாட்டேன் என்கிறதாம்.

"உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, காலி. நீ காலைல முதல் படகுல வந்துடுறியா?"

"கதவு ஓடுற பள்ளத்துல கல்லு ஏதாவது சிக்கியிருக்கும், குனிஞ்சு பாரு. அதுல சரியாகலன்னா ஆஃபீஸ்ல சொல்லி வேற ஆளைக் கூப்பிடு. நான் வரல."

"வரலயா?"

"வரல" என்று சொல்லி போனைச் சட்டைப்பையில் போட்டார். பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வாய்க்குப் பழக்கமில்லாமல்தான் இருந்தது.

அந்த நேரத்தில் பகல் பயணிகளை ஏற்றிக்கொண்ட படகு கிளம்பியது. படகிலிருந்தவர்கள் கையாட்டினார்கள். கரையில் நின்றவர்களும் ஆட்டினார்கள். இரண்டு பக்கமும் டாட்டா, டாட்டா என்று ஒரே சத்தம். பட்டாணி குழம்பிப்போனாள். படகைப் பார்த்தாள். அது சிறுத்துக்கொண்டே போனது. குனிந்து தனக்குக் கீழே இருந்த தலையைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. உறுதி செய்துகொள்வதுபோல இரண்டு காதுகளையும் பிடித்தாள்.

"டாட்டா இங்க" என்றாள்.

மனைவி நின்றுவிட்டாள். "ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிட்டா. கேட்டீங்களா? இதுதான் முதல் தடவை."

அவர் கேட்டிருந்தார். அவர் கேட்டு வந்த சொல் அதில் இல்லை. இருந்தும் நெஞ்சைத் தொட்டுக் காட்டித் திருத்தத் தோன்றவில்லை.

"ஆமாண்டா, இங்கதான்" என்றார்.

திங்கட்கிழமை ஆறரைக்கு அவர் ஷூ மாட்டினார். மனைவி பழக்கதோஷத்தில், "அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவர் குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "போயிட்டு வரேன்" என்றார்.

பட்டாணிக்குப் பெரிய வாக்கியங்களின் வால்தான் பிடிபடும். "வரேன்" என்றாள்.

"போச்சு. இனிமே அதுதான் உங்க பேரு" என்றாள் மனைவி.

அன்று ஆறு மணிக்கு மேல் வந்த அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு அவர் பஸ் ஏறினார். அவர் கதவைத் திறந்தபோது பட்டாணி விழித்திருந்தாள்.