திங்கட்கிழமைக் காய்ச்சல்

அந்தச் சாவிக்கொத்து இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு வேன் சாவி, ஒரு வீட்டுச் சாவி, அவற்றோடு பள்ளிப் பிள்ளை யாரோ கொடுத்த மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. பள்ளி வேன் ஓட்டுகிற எங்கள் வேன் அங்கிள் நாற்காலியில் சாய்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து, பக்கத்தில் நிற்கும் கம்பியின் கொக்கியில் மாட்டுவார். மருந்துப் பை தொங்க வேண்டிய கொக்கி அது. "அங்கிள், அது சாவி மாட்டுற எடமில்ல" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "கண்ணு முன்னால இருக்கணும்லா மிஸி, இல்லாட்டி தூங்கிப் போயிருவேன். அப்புறம் பிள்ளைங்கள யாரு ஏத்துவா?" என்றார். எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும் நான்கு மணி நேரமும் அவர் அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. பாங்கு சத்தமும், சோற்றில் குழம்பை அள்ளி ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வாசனையும் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும். சாப்பாட்டில் உப்பையும் குழம்பையும் எண்ணி எண்ணித் தின்ன வேண்டிய நோயாளிகளுக்கு அந்த வாசனை பெரிய சோதனை. நாற்காலிகள் இரண்டு வரிசை. சன்னலோர வரிசை என்னுடையது. சுவரோர வரிசை அக்காவுடையது. என்னைவிட வயதிலும் வேலையிலும் மூத்தவள் என்பதால் முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் கை போகிறது. போகட்டும்.

அக்கா நிபோங் திபாலிலிருந்து வருகிறாள். தூரம், தீவுக்கு வரும் பாலத்தில் வாகன ஜேம், மழை என்று அவளுக்கு ஆயிரம் கஷ்டம். நான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வருகிறேன். அதே பாலம், அதே ஜேம், அதே மழை. இதை நான் ஒரு தடவை சொன்னபோது, "நீ சின்ன வயசுலா, ஒனக்குத் தாங்கும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். தோளைத் தட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் காரை நிறுத்தும்போது கைப்பேசியில் அவள் குரல் வந்து காத்திருக்கும். எழுத மாட்டாள், குரலில்தான் அனுப்புவாள். எழுத்தில் இருமல் தெரியாது அல்லவா? முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரு இருமல், அப்புறம் "ஒடம்பு முடியலலா தங்கச்சி, கிளினிக் போய் எம்.சி. எடுக்கப் போறேன். நீ கொஞ்சம் பாத்துக்க." எம்.சி. என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. ஒரு வாரம் காய்ச்சல், இன்னொரு வாரம் வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் இடுப்பு. ஒரு தடவை இடுப்பு பிடித்துக்கொண்டு நகர முடியாமல் கிடந்தவள், அன்று சாயங்காலமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு வளைகாப்பு வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த படத்தை அவளுடைய ஸ்டேட்டஸிலேயே பார்த்தேன். எங்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டாமா?

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், யாரையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத நல்ல மனிதர். "எம்.சி. பேப்பர் இருக்குமா. டாக்டரே குடுத்துட்டாரு, நான் என்னாத்த கேக்குறது?" என்றார். ஆள் பிடித்துத் தாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இவள் பாத்துக்க என்கிறாள், அவர் பார்க்கிறேன் என்கிறார், நடுவில் இரண்டு வரிசைக்கும் ஓடுகிறவள் நான்.

வேறு வேலையாக இருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் எங்கள் இடத்தில் திங்கட்கிழமைக்கு ஓர் அர்த்தம் உண்டு. திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு வெள்ளிக்குப் பிறகு திங்கள்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். முகம் உப்பி, செருப்பு நுழையாத கால்களோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். வாரத்தில் ஒரு நாள் தள்ளிப்போடக் கூடாது என்றால் அது திங்கட்கிழமைதான். இது அக்காவுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. அக்கா கெட்டிக்காரி. டயாலிசிஸுக்குக் கை நரம்பில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்ற வேண்டும். அக்கா நரம்பை விரலால் ஒரு தரம் தடவுவாள், ஊர்க்கதை ஏதாவது கேட்பாள், பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். சுவரோர வரிசையில் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் குத்தினால் சரியாகத்தான் குத்துவேன், ஆனால் வலிக்கும். "அந்த மிஸி கை பூ மாதிரிலா. நீ குத்துனா மறுநாள் ஸ்டியரிங் புடிக்க முடியல" என்று அவள் வரிசையில் படுக்கும் வேன் அங்கிள் என் முகத்துக்கு நேராகவே சொல்வார். வராதவளுக்காக ஏங்குவார்கள், வந்து நிற்கிறவளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அக்கா வராத நாளில் அங்கிளை முதலில் இயந்திரத்தில் ஏற்றப் போவேன். "மத்தவங்களுக்கு மொதல்ல போடு, நான் கடைசியா போட்டுக்கிறேன்" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருகிறவர், மதியம் பள்ளி விடும் முன் கிளம்பியாக வேண்டும். தாமதமாக ஏறினாலும் அதே நேரத்துக்கு இறங்கிவிடுவார். கொக்கியில் வாத்து ஆடிக்கொண்டிருக்க, "அவுத்து விடு மிஸி, பிள்ளைங்க வெயில்ல நிக்கும்" என்பார். மீதித் தண்ணீர் அவர் உடம்பிலேயே வீட்டுக்குப் போகும்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு நீண்ட விடுமுறையை ஒட்டி வந்தது. அக்காவின் குரல் காலையிலேயே வந்துவிட்டது. இந்த முறை காய்ச்சல். பள்ளியும் இல்லை, வேனும் ஓட வேண்டியதில்லை, இன்றைக்காவது அங்கிளை நான்கு மணி நேரம் முழுசாகப் படுக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அவர் கால் வீங்கித்தான் வந்தார். சாவியைக் கொக்கியில் மாட்டினார். அக்கா வரவில்லை என்று கேட்டதும் கைப்பேசியை எடுத்து அவளையே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அக்காவின் குரல் கணீரென்று வந்தது. மிஸி பக்கத்திலதான் நிக்குது என்று இவர் சொன்ன பிறகுதான் இருமல் வந்தது.

"நாளைக்கு நான் வந்துருவேன் அங்கிள். ஸ்கூலும் லீவுதானே? நாளைக்கு வாங்க, நானே வலிக்காம போட்டு விடுறேன்."

அவ்வளவுதான், அங்கிள் எழுந்துவிட்டார். முகத்தில் ஊசிக்குத் தப்பிய சின்னப் பிள்ளையின் சந்தோஷம். நான் குறுக்கே நின்றேன். "அங்கிள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது, கால பாருங்க. ஏறிப் படுங்க" என்று கெஞ்சினேன், கடைசியில் சத்தமும் போட்டேன். "கத்தாத மிஸி. ஒரு நாள்தானே?" என்றார். மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அங்கிளிடம் பேசுவார் என்று பார்த்தால், நாளைக்கு ஒரு நாற்காலி ஒதுக்கித் தருகிறேன் என்று அங்கிளுக்கே வழி செய்து கொடுத்தார். அங்கிளின் மனைவி ஆன்ட்டியைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். "நான் சொன்னா கேக்குற ஆளா அது? அந்த மிஸியே சொல்லிருச்சாம்" என்றார். அங்கிள் கொக்கியிலிருந்து சாவியை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவரை வழியனுப்பி வைத்தார்கள்.

மறுநாள் காலை காரை நிறுத்தினேன். கைப்பேசியில் அக்காவின் குரல். "இன்னிக்கும் முடியலலா தங்கச்சி. டாக்டர் நேத்தே ரெண்டு நாள் எம்.சி. குடுத்துட்டாரு. நீ பாத்துக்க." அதைக் காரிலேயே உட்கார்ந்து மறுபடி கேட்டேன். நேற்றே. நாளைக்கு வாங்க என்று அவள் அங்கிளுக்கு வாக்குக் கொடுத்தபோதே வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே போய் அவருக்கு ஒதுக்கிய இயந்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஆன்ட்டி கூப்பிட்டார். விடியற்காலையில் மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் உயிரோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், அக்கா அங்கே இருந்திருக்க மாட்டாள்.

புதன்கிழமை அடக்கம். ஆயர் ஈத்தாமில் வீடு. போக வேண்டும் என்று மேனேஜரிடம் முந்தின நாளே அரை நாள் விடுப்புக் கேட்டு வைத்திருந்தேன். அவரும் சரி என்றார். இரண்டு நாள் எம்.சி. முடிந்து அக்கா அன்று வேலைக்கு வந்துவிடுவாள், இரண்டு வரிசையையும் மதியம் அவள் கவனித்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. புதன் காலை அவள் குரல் வந்தது. இருமல் இல்லை, அழுகை. "மனசே சரியில்ல தங்கச்சி. அங்கிள் மொகமே கண்ணுல நிக்குது. எம்.சி. எடுத்துட்டு நான் அவுங்க வீட்டுக்குப் போறேன். நீ பாத்துக்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கைப்பேசியைச் சுவரில் அடித்திருக்க வேண்டும். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் போய்ட்டா யாரும்மா இருக்கா?" என்றார். அங்கே அவரைத் தூக்கிய நேரத்தில் நான் இங்கே சுவரோர வரிசையில் இன்னொருவர் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அங்கிளின் நாற்காலி காலி. கொக்கியில் ஒன்றுமில்லை.

மறுநாள் அக்கா கண் வீங்கி வந்தாள், வழக்கம்போல் கையில் கறிபாப் பலகாரப் பொட்டலம். எம்.சி. முடிந்து வரும் நாளில் எல்லாருக்கும் கறிபாப் வாங்கி வருவது அவள் பழக்கம். "அங்கிளுக்கு என் கைதான் புடிக்கும்" என்று விசும்பினாள்.

"அந்தக் கை எங்கக்கா இருந்துச்சு அன்னைக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் ஒடம்புதானே தங்கச்சி?" என்றாள்.

ஆமாம், அவளுக்கும் உடம்புதான். ஏதோ ஒரு திங்கட்கிழமை அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் அடித்திருக்கலாம். எது உண்மை என்று கண்டுபிடிக்கிற பொறுப்பு என்னுடையதில்லை. அதை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துகொண்டவள் அவள். அந்தக் கறிபாப்பை நான் தொடவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஆன்ட்டி நிலையத்துக்கு வந்தார். அங்கிள் இங்கேயே வைத்திருந்த போர்வையை எடுத்துப் போக வந்தார். துவைத்து மடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, "அந்த மிஸி வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அப்படி அழுதுச்சு. சொந்தக்காரங்க கூட அப்படி அழுவல" என்றார். போகும்போது கதவருகில் திரும்பினார். குரலில் குறைதான் இருந்தது, கோபம்கூட இல்லை. "நீங்கதான்மா வரல."

வாயைத் திறந்தால் அவர் மனதில் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலையும் நான்தான் உடைக்க வேண்டும். தலையாட்டினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்து ஜேமில், காருக்குள் தனியாக உட்கார்ந்து கத்தினேன். துக்கத்தினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அக்கா இன்னும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். இந்தத் திங்கட்கிழமையும் குரல் வந்தது, வயிற்று வலியாம். அங்கிளின் நாற்காலிக்கு இப்போது ஒரு பெண்பிள்ளை வருகிறாள், கல்லூரியில் படிக்கிறவள், தானே கார் ஓட்டிக்கொண்டு வருவாள். முகம் உப்பியிருந்தது. பையை வைத்துவிட்டு வரிசை நெடுக எட்டிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அந்த மிஸி வரலையா? அவங்க நாளைக்கு வருவாங்கன்னா, நான் நாளைக்கே வரவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

நான் கையை நீட்டினேன். "கார் சாவியக் குடு" என்றேன்.

விழித்தாள். மறுபடி கேட்டேன். கொடுத்தாள். கொக்கி காலியாகத்தான் இருந்தது. நான் அதில் மாட்டவில்லை. சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டு, "படு" என்றேன். என்னைப் பற்றிச் சுவரோர வரிசையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், கோபக்கார மிஸி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஊசி ஏறும்போது அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். வலித்திருக்கும். நான்கு மணி நேரமும் முழுசாக முடிந்த பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.