பந்து வீசும் பெட்டி

ஒச்சப்பன் சிவகாசியில எங்க அச்சாபீசுல மிஷின்மேன். நான் அய்யாதுரை, அங்கனயே ஃபிட்டர். சாயங்காலம் ரெண்டு பேரும் பூப்பந்து ஆடப் போவோம். அவன் அணியில இருக்குற அஞ்சு பேர்ல ஒருத்தன். நான் வெளிய நின்னு பந்து பொறுக்குற ஆறாவது ஆளு. பொறாமையான்னு கேட்டா, ஆமா, பொறாமைதான்.

எனக்குப் பந்து போட்டுப் பழக்க எவனும் வர மாட்டான். சரி போங்கடான்னு 1961ல நானே ஒரு பெட்டி செஞ்சேன். தகரக் குழாய், அதுக்குள்ள ஓடுற ஒரு மரக்கட்டை, கட்டையைப் பின்னால இழுத்துப் பிடிக்க ஒரு கொக்கி. கயித்தைச் சுண்டினா கொக்கி விலகி, கட்டை பாய்ஞ்சு, கம்பளிப் பந்தை வலைக்கு மேல தள்ளணும். சைக்கிள் ட்யூப் ரப்பரைக் கட்டிப் பாத்தேன். பந்து நாலடி போயி சொத்துன்னு விழுந்துச்சு. நல்ல ஸ்பிரிங் வேணும், வாங்கக் கையில காசில்லை.

ஒச்சப்பன் மிஷின்ல ஒண்ணு இருந்துச்சு. மிஷினை நிறுத்துற லீவர் நகராம நிக்க அதுதான் பிடிமானம். அதைக் கழட்டி என் பெட்டிக்கு எடுத்துக்கிட்டு, அங்க ஒரு தொளதொளத்த பழசை மாட்டினேன். ரெண்டு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன், பாவி.

மறுநாள் மத்தியானம், காலண்டர் ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. ஒச்சப்பன் மிஷினை நிறுத்திட்டு, கோணலாப் போன தாளை எடுக்கக் கையை விட்டான். லீவர் தானா நகந்து மிஷின் ஓடிருச்சு. வலது கையில மூணு வெரல் போச்சு.

நிறுத்திட்டுத்தான் கையை விட்டேன்னு ஆஸ்பத்திரியில கதறுனான். மொதலாளி என்னைய மிஷினைப் பாக்கச் சொன்னாரு. யாரும் பாக்காதப்ப, கடன்ல வாங்குன புது ஸ்பிரிங் ஒண்ணை மாட்டிட்டு, லீவர் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். இந்த வாய் அழுகிப் போகலையே!

சாப்பிட்ட அசதியில கண்ணசந்துட்டான்னு முடிவாச்சு. தூங்கிமூஞ்சின்னு பேரு வந்துருச்சு. எந்த அச்சாபீசுலயும் அவனை மிஷின் பக்கம் விடலை. கழிவுத்தாள் கட்டுற வேலைதான் கெடச்சது. பொண்டாட்டி வெள்ளைத்தாய்கூட, செத்த நேரம் முழிச்சிருக்கக் கூடாதான்னு சொல்லிச் சொல்லி அழுவா. போகப்போக, தூங்கித்தான் இருப்பேன் போலன்னு அவனே சொல்ல ஆரம்பிச்சான்.

அணியில அவன் எடம் எனக்கு வந்துச்சு. அதைவிடக் கொடுமை, தெனமும் அவனே வந்து எடது கையால என் பெட்டிக்குப் பந்து போட்டுக் குடுப்பான். ரெண்டு வருசம். ஒவ்வொரு பந்துக்கும் நெஞ்சு குறுகுறுக்கும். ஆனாலும் அடிச்சேனே!

விருதுநகர் போட்டிக்கு முந்தின நாள் பந்தைப் பொறுக்கிக்கிட்டே சொன்னான்:

"என்னால ஆட முடியலைன்னா என்ன, நான் போட்ட பந்துல பழகுன நீங்க செயிச்சாப் போதும்ணே."

அதுக்கு மேல தாங்க முடியலை. பெட்டியைக் கவுத்து ஸ்பிரிங்கைக் கழட்டி அவன் கையில வச்சேன். அது எந்த மிஷினோடதுன்னு சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தாத் தேவலை. அவன் ஸ்பிரிங்கை ஒரு தடவை அமுக்கிப் பாத்தான்.

"அப்ப நான் தூங்கலையாண்ணே?"

"இல்லப்பா. நீ தூங்கலை."

அவன் மொகம் அப்படித் தெளிஞ்சு நான் பாத்ததே இல்ல. வாங்க, இதை வெள்ளைத்தாய்ட்ட உங்க வாயாலயே சொல்லுங்கன்னு, அந்த ரெண்டு வெரல் கையால என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வேகவேகமா நடந்தான்.