ரூபி அக்கா பிரட்டிய உறைகள்

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, அச்சகத்துக்குப் போகவென்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் யேசுதாசன் வாசல் படலையடியில் வந்து நின்றான். “ரூபி அக்கா மோசம் போட்டா, மாஸ்டர். நித்திரையிலையே போயிட்டா, விடிய எழும்பேல்லை” என்றான். ரூபி அக்காவோடு சேர்ந்து செய்யும் ஒரு வேலைக்காகத்தான் நானும் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். காற்றுப் பம்பைக் கீழே வைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

கோப்பாயில் இருக்கும் அந்த அச்சகம் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரி வினாத்தாள் அனுப்புகிறது. கணித வினாக்களை நான் எழுதுவேன். தபால் முழுவதும் ரூபி அக்காவின் பொறுப்பு. நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஊர் முழுதும் வாழ்த்து அனுப்பி முடிக்க, தபாற்கந்தோரில் முத்திரை இராது; கடைகளில் உறையும் இராது. போரில் தரைவழி அடைபட்டிருந்ததால் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும்; அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடங்களோ அப்போதுதான் தாள் கேட்டு எழுதத் தொடங்கும். அதனால் பொங்கலுக்கு மறுநாளே இருவரும் உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்போது, எத்தனை தாளை ஒரே உறையில் அடக்கலாம் என்று திட்டமிடுவோம். “முத்திரை வந்தாப் பிறகு யோசிக்கிறவன் தபால் அனுப்பேலாது” என்பார். என் கையெழுத்தில் விலாசம் எழுத ஒருநாளும் விட்டதில்லை. “தபால்காரனும் உங்களிட்டைப் படிச்சிருந்தாத்தான் இதை வாசிப்பான், மாஸ்டர்.”

உறைத் தட்டுப்பாட்டுக்கு அவர் கண்ட வழி எல்லோருக்கும் தெரிந்ததே. நைந்த சட்டைக் கொலரைத் தையற்காரர் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைப்பதில்லையா? அதுபோல எங்களுக்கு வந்த பழைய உறைகளின் முத்திரையை நனைத்து உரித்து, ஒட்டைப் பிரித்து, உட்புறம் வெளியே வரப் பிரட்டி ஒட்டுவார். கரப்பான் தின்னாதிருக்கத் துரிசு கலந்த பச்சை நிற மாப்பசை. அனுப்பியவரின் எழுத்து உறைக்குள்ளே போய்விடும். அந்த ஆண்டுகளில் இது வழக்கமாகிவிட்டதால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

ஒரு தை மாதம், பருத்தித்துறையிலிருந்து இரத்தினம்மா ரீச்சர் பஸ் ஏறி வந்தார். எங்களிடம் தாள் எடுப்பவர். அவருடைய ஒரே மகன் முந்திய ஆவணியில் கிளாலிக் கடலேரியால் படகில் கொழும்புக்குப் புறப்பட்டவன், போய்ச் சேரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, அவனை இறந்தவனாகக் கொண்டு அந்தியேட்டி செய்வதென்று உறவினர் முடிவு செய்திருந்தனர். ரீச்சர் நாங்கள் அனுப்பிய உறையைக் கிழித்து மேசையில் விரித்தார். உள்ளே மகனின் கையெழுத்தில் எங்கள் அச்சகத்தின் விலாசம்.

“இது உங்களுக்கு எப்ப வந்தது? அவன் போனாப் பிறகெண்டால் நான் வெள்ளிக்கிழமைக் காரியத்தை நிப்பாட்டுவன்.”

“முந்தி வந்தது, ரீச்சர். தம்பி ஆனியிலை தாள் கேட்டு எழுதினவர். பழைய கட்டிலை கிடந்ததை நான்தான் பிரட்டினனான்” என்றார் ரூபி அக்கா.

“இவ்வளவு உறைக்குள்ளை அது ஏன் என்னட்டை வந்தது?”

“தெரியாது.”

அந்தியேட்டி நடந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் கவனமாக இருந்தோம். ஒவ்வோர் உறையையும் நான் பிரித்துப் பார்த்து நீட்ட, அவரும் பார்த்த பிறகே பிரட்டினார். அந்தப் பையனின் எழுத்தில் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றை அவரே பருத்தித்துறைக்குக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார். பிறகுதான் தபால் போனது.

மாசியில் ரீச்சர் மறுபடி வந்தார். கையில் கிழித்த உறை. வெளியே ரூபி அக்காவின் எழுத்து. ஓரத்தில் எங்கள் பச்சைப் பசை. உள்ளே அதே பையனின் எழுத்து. அறையில் காற்றில்லை. காயப் போட்டிருந்த உறைகள் மட்டும் ஒவ்வொன்றாக மெல்ல வாய் திறக்கும் சத்தம் கேட்டது.

“ரூபி, உயிரோடை இருக்கிறவனுக்கே நான் அந்தியேட்டி செய்தனான்?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். ரூபி அக்கா உறையைப் புரட்டிப் பார்த்தார்.

“தெரியாது, ரீச்சர்” என்றார். பிறகு தன் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பஸ் வரும்வரை அங்கிருந்து எழும்பவில்லை.

ரீச்சர் போன பின், “அக்கா, அதை நீங்களே தெரிஞ்சு வைச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“அந்த மனுசியோடை விளையாடுவனோ? பாத்தது ரெண்டு பேரும். பிரட்டினது நான். அதுக்கு மேலை என்னட்டைக் கேளாதையுங்கோ.”

அன்றிலிருந்து, உறையின் கடைசி ஓரத்தை ஒட்டுமுன் சற்றுப் பொறுப்பார். உள்ளே கை விட்டிருக்கும் ஒருவர் கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பதுபோல இருக்கும்.

ரூபி அக்காவின் அடக்கத்துக்கு இரத்தினம்மா ரீச்சரும் வந்திருந்தார். ஆராதனை முடிந்து சனம் கலையும்போது என்னைத் தனியே அழைத்தார். “மாஸ்டர், அந்த ரெண்டாவது உறை. அதைப்பற்றி அவ கடைசியிலை ஏதும் சொன்னவவோ?”

நாற்பது ஆண்டுகள் கேள்விக்கு விடை சொல்லியே பழகியவன் நான். ஆறுதலாக ஒன்று நாக்குவரை வந்தது.

“தெரியாது, ரீச்சர்” என்றேன்.

அவர் போகவில்லை. நானும் போகவில்லை. தேவாலய வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லைச் சொல்லவும், சொன்ன பின் எழுந்து போகாமலிருக்கவும் ரூபி அக்காவிடம்தான் கற்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது.